கீழ்வீட்டுத் தூக்குவாளி

தோன்யா புரொவி தன் கணவனோடு இருபத்தாறு வருஷம் பேசவில்லை. அந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு வேளைகூட அவருக்குச் சோறு தப்பியதில்லை. அவர் செத்து மூன்று வருஷம் ஆகிறது. போன மழைக்காலத்திலிருந்து சோறு மறுபடியும் இறங்க ஆரம்பித்திருந்தது.

பொமரோசா மலையில் எல்லா வீடும் சரிவில் ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தது மாதிரி இருக்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒற்றைத் தளம். பின்னால் பள்ளத்தில் நின்று அண்ணாந்தால் இரண்டு. மேலே தோன்யா புரொவி இருந்தாள். கீழே, தூண்களுக்கு நடுவில் செங்கல் வைத்து அடைத்த ஒற்றை அறையில் அவள் கணவர் தோன் தெயோ இருந்தார். உள்ளே படிக்கட்டு கிடையாது. மேலிருந்து கீழே போக வாசல் வழியாக வெளியே வந்து, பன்றிக்கொட்டிலைச் சுற்றிக்கொண்டு, மண்ணில் வெட்டிய முப்பத்தொரு படி இறங்க வேண்டும். சமையலறை ஜன்னல் வழியாக என்றால் நாலு பாகம் நீளக் கயிறு போதும்.

தினமும் நாலு மணிக்கு ஜன்னலிலிருந்து தூக்குவாளி இறங்கும். பச்சைத்துவரைச் சாதம், அவித்த வாழைக்காய், உப்பு மீன், வெள்ளிக்கிழமையானால் முட்டை. கீழேயிருந்து கயிற்றை ஒருதரம் இழுத்தால் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். இரண்டுதரம் இழுத்தால் சாப்பிட்டாயிற்று, தூக்கிக்கொள். அவர்கள் தாம்பத்தியத்தின் மொத்த உரையாடலும் இதுதான். ஊரில் பேசிக்கொள்கிற தம்பதிகள் பலர் இதைவிடக் குறைவாகத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

மகள் நெரெய்தாவுக்கு ஐம்பத்தேழு வயது. மலையடிவாரப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நூற்றெண்பது பிள்ளைகளுக்கு அரிசி வடிக்கிற வேலை. அப்பாவும் அம்மாவும் பிரிந்த வருஷத்தில் அவள் இங்கே இல்லை. அமெரிக்கக் குளிரில் ஒரு தையல் ஆலையில் பிராவுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது கயிறு ஏற்கெனவே பழையதாகி, இரண்டாவது கயிறு மாற்றியிருந்தார்கள். ஏன் என்று அப்பாவிடம் கேட்டாள். "படிக்கட்டு வழுக்குதும்மா" என்றார். அம்மாவிடம் கேட்டாள். "வாழைக்காயை உரி" என்றாள். பிறகு அவள் கேட்கவில்லை. மழை பெய்வதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை அல்லவா, அப்படி.

அம்மாவுக்கு மறதி வந்தபோது அது முதலில் எடுத்துக்கொண்டு போனது அப்பாவின் சாவைத்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் அவள் தூக்குவாளியை இறக்கிவிட்டு இழுப்புக்குக் காத்திருந்தாள். இழுப்பு வரவில்லை. கீழே என்ன ஆயிற்றென்று பார்க்க எட்டினாள், இன்னும் எட்டினாள். அந்த நேரம் பார்த்துச் சர்க்கரை கேட்டு வந்த பக்கத்து வீட்டு இசாவ்ரா பாவாடையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்கே எல்லாப் பிரச்சினையும் தீர்ந்திருக்கும்.

அதிலிருந்து நெரெய்தா நாலு மணிக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிவந்து, முப்பத்தொரு படி இறங்கி, அப்பாவின் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்துகொள்வாள். வாளி வரும். ஒருதரம் இழுப்பாள். சாப்பிடுவாள். உப்பு சில நாள் இருக்காது, சில நாள் இரண்டுமுறை இருக்கும். இரண்டுதரம் இழுப்பாள். மறுபடி முப்பத்தொரு படி ஏறி மேலே வந்தால் அம்மா கழுவிக்கொண்டே சொல்வாள்: "இன்னிக்கு மிச்சம் வைக்கல. பசிச்சிருக்கு மனுஷனுக்கு."

பகலில் பார்த்துக்கொண்டது இசாவ்ரா. மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் ஃபுளோரிடாவுக்குக் கொடுத்தவள்.

"மார்ச்ல நான் கெளம்பறேன்டி" என்றாள் ஒருநாள், காபி வடிகட்டும் துணியைப் பிழிந்துகொண்டே. "மூட்டு ரெண்டும் போச்சு. மூத்தவ டிக்கெட் எடுத்துட்டா. உங்கம்மாவ என்ன செய்யப்போற?"

"தெரியல."

"ஊருக்குள்ள அந்த முதியோர் இல்லம் இருக்கே. மஞ்சள் சுண்ணாம்பு அடிச்சது. நல்லாப் பாத்துக்கறாங்களாம்."

"நல்லாத்தான் பாத்துப்பாங்க. மாசம் ஆயிரத்தைந்நூறு டாலர். எனக்கு வர்றதே அவ்வளவு இல்ல."

"அடி பைத்தியக்காரி, உங்கப்பன் கொரியாச் சண்டைக்குப் போனவன்தானே? ரெண்டு கால்விரலை அங்கயே பனியில விட்டுட்டு வந்தவன். பட்டாளத்துக்காரன் பொண்டாட்டிக்கு, கூட ஆள் வச்சுப் பாத்துக்கணும்னா அதுக்குன்னு தனியாப் பென்ஷன் தர்றான். எங்க ஒண்ணுவிட்ட அக்காவுக்குக் குடுத்தான். அவ புருஷன் பட்டாளத்துல உருளைக்கிழங்குதான் உரிச்சான்."

நகராட்சிக் கட்டிடத்தின் பின்னறையில் வியாழக்கிழமைதோறும் பொனியா என்று ஒருவர் வந்து படைவீரர் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். அந்த அறையில் குளிர்சாதனம் ஒரே அளவில்தான் ஓடும். பொமரோசாவில் மீதி எல்லோரும் வேர்வையில் நனையும்போது பொனியா மட்டும் கம்பளிக் கோட்டு போட்டிருப்பார்.

படிவத்தில் செத்தவரைப் பற்றி ஒரு பக்கம்தான் இருந்தது. மீதிப் பக்கமெல்லாம் அவர் முறைப்படித்தான் செத்தாரா, பெண்டாட்டி முறைப்படித்தான் மிச்சமானாளா என்பது பற்றி. நெரெய்தா பிஸ்கட் டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கல்யாணப் பத்திரம், பட்டாளத்து டிஸ்சார்ஜ் பேப்பர், மருத்துவரின் கடிதம், இறப்புச் சான்று. பொனியா சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். இறப்புச் சான்றில் நின்றார்.

"உங்கம்மா வீட்டு நம்பர் என்ன?"

"பதினாலு."

"இவர் செத்தது பதினாலு-பி."

"கீழ் வீடுங்க. அதே வீடுதான். கரண்ட் மீட்டர் வேற."

"மீட்டர் ஏன் வேற?"

அவருக்குத் தெரியாமலில்லை. அவர் வீட்டிலும் இரண்டு மீட்டர்தான். ஒரு பெரிய பில்லைவிட இரண்டு சின்ன பில் வலிக்காது என்று யாரோ ஒருவன் கண்டுபிடித்ததும் மலை முழுக்க ஒவ்வொரு வீட்டையும் காகிதத்தில் இரண்டாக வெட்டிப் போட்டிருந்தார்கள். கோழிக்கூட்டுக்குத் தனி நம்பர் வாங்கினவர்கள்கூட உண்டு.

"அப்போ ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தாங்கன்னு எழுதிடட்டா?" என்று பேனாவைத் தூக்கினார்.

நெரெய்தா பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. சத்துணவு மேற்பார்வையாளர் வரும் நாட்களில் பீன்ஸில் கறி இருப்பதாகச் சொல்வாள். ஆனால் அந்தக் கேள்விக்கு மேலே, பொய் சொன்னால் சிறை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"அம்மா மேலே. அப்பா கீழே. இருபத்தாறு வருஷம்."

பொனியா பேனாவை இறக்கினார். அடுத்த கேள்வியைச் சத்தமாகவே படித்தார். "பிரிந்ததற்குக் காரணம் என்ன, எப்போதிலிருந்து. நாலு வரிதான் இடம் விட்டிருக்கான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இதுதாம்மா விஷயம். அவர் விட்டுட்டுப் போனாருன்னா, இல்ல ஏதோ நோய், கட்டாயம்னா, உங்கம்மாவுக்குக் கெடைக்கும். உங்கம்மா தன் இஷ்டத்துக்கு ஒதுக்கி வச்சாங்கன்னா கெடைக்காது. தப்பு அவங்க பக்கம் இருக்கக்கூடாது. என்ன காரணம்?"

"தெரியாது."

"தெரிஞ்சவங்க ரெண்டு பேர் சத்தியப் பத்திரம் குடுக்கட்டும். முப்பது நாள் கெடு."

காரணம் தெரிந்தவர்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. கடைக்கார கூமெயிடம் அவள் உப்பு மீன் வாங்கத்தான் போனாள்.

"பொம்பள சமாச்சாரம்" என்றார் கூமெ, தராசைத் தட்டிவிட்டு. "லாட்டரிச் சீட்டு வித்தாளே, பல்லு நீண்டவ. அவதான்."

"அப்பா சீட்டே வாங்கமாட்டாரே."

"அதான் சொல்றேன். சீட்டு வாங்காதவன்கிட்ட அவளுக்கு என்ன வேலை?"

அங்கே குந்தியிருந்த இன்னொருவர் நிலத் தகராறு என்றார். மூன்றாமவர் பன்றி என்றார். எந்தப் பன்றி, அது என்ன செய்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அது ரோடு வெட்டின வருஷம். எதிர் மலைமுகட்டைப் பிளந்து புது ரோடு போட, எட்டு மாதம் காலையும் சாயங்காலமும் பாறைக்கு வெடி வைத்தார்கள். கோழி முட்டை இடவில்லை. அந்த வருஷம்தான் தோன் தெயோ கட்டிலை மடக்கிக்கொண்டு கீழே போனார்.

இசாவ்ரா யாரையும் கேட்கவில்லை. நெரெய்தாவுக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டுமென்று தானாகவே நோட்டரியிடம் போய், மாதா படத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்து, முத்திரை குத்தின பத்திரத்தோடு வந்து நின்றாள்.

"படிச்சுப் பாரு. அழாம படி."

நெரெய்தா படித்தாள். தோன்யா புரொவிதென்சியா ரோடு வெட்டின வருஷம் கார்மேல் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, பழுப்பு அங்கி தைத்து, கழுத்துவரை பட்டன் போட்டு ஒரு வருஷம் முழுக்க உடுத்தினாள். அந்த நேர்த்திக்கடனில் புருஷனோடு படுப்பதில்லை, பேசுவதில்லை என்பதும் சேர்த்தி. இப்படிப்பட்ட பக்தையை இந்த மலை கண்டதில்லை. இப்படிக்கு இசாவ்ரா.

"அம்மா சொன்னாங்களா இதை?"

"நானே கேட்டேன்டி. வெயில் மண்டையப் பொளக்குது, தோன்யா புரொவி கழுத்து வரைக்கும் மூடிக்கிட்டுத் துணி காயப்போடறா. என்ன புரொவி இதுன்னேன். நேர்த்திக்கடன்னா. புருஷன்? அதுவும் நேர்த்திக்கடன்னா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அன்னிலருந்து வருஷா வருஷம் அவ பேருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன், இருபத்தொம்பதாச்சு."

பொனியா அந்தப் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கோட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"ரொம்பப் பக்தியா இருக்கு" என்றார்.

"கெடைக்குமா?"

"அம்மா, இதுல என்ன இருக்கு? ஒரு குத்தமும் செய்யாத புருஷனை, மாதாவுக்கு வேண்டிக்கிட்டுக் கீழ எறக்கி விட்டாங்கன்னு இருக்கு. சொர்க்கத்துல இதுக்குப் பென்ஷன் இருக்கலாம். இங்க இல்ல." பத்திரத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். "நான் இதைப் பாக்கல. இன்னும் பத்து நாள் இருக்கு. நெசமான காரணத்தைக் கொண்டுவாங்க."

நிஜமான காரணம் சமையலறையில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தது. பயறை முறத்திலும் தோலைச் சட்டியிலும் போட வேண்டியதை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, அப்பா ஏன் கீழ போனாரு?"

"அவன்கிட்டயே கேளு. கீழதான் இருக்கான். காது கேக்கும்."

"நீ ஏன் அவர்கூடப் பேசறதில்ல?"

"பேசினா மேல வந்துடுவான்."

"வந்தா என்னம்மா?"

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் அந்தக் கண்ணில் பழைய ஆள் முழுசாக வந்து நின்றாள். இருபத்தாறு வருஷம் ஊரையே வாயடைத்து வைத்திருந்தவள். "நீ யாரு பெத்த பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டாள். "ஒரு வீட்டுச் சமாச்சாரத்தை இப்படித் துருவலாமா?"

அந்தச் சனிக்கிழமை மதியத்திலிருந்தே மழை. மேகம் பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர் மலையில் ரோடு வெட்டின மஞ்சள் தழும்பை மூடிவிட்டது. தகரக்கூரை இரைந்து, பன்றிக்கொட்டில் பக்கம் படிகளெல்லாம் சேறாகி, நெரெய்தா உட்கார்ந்தபடியே பாதிப்படி இறங்கினாள். கட்டிலில் உட்கார்ந்து பாவாடையைப் பிழிந்தாள். அறையில் அப்பாவின் பொருட்கள் அப்படியே இருந்தன. சவரக் கண்ணாடி, ரேடியோ, ஆணியில் தொப்பி. கதவை அப்போதுதான் அவள் முதன்முறையாகக் கவனித்தாள். தாழ்ப்பாள் இரண்டு இருந்தன, இரண்டும் உள்பக்கம். எந்தத் திருடனுக்குப் பயந்து இந்த ரேடியோவுக்கு இரண்டு தாழ்ப்பாள்?

வாளி இறங்கியது. அவள் ஒருதரம் இழுத்தாள். மூடியைத் திறந்தால் சாதம் மட்டும், உப்பில்லாமல். சாப்பிட ஆரம்பித்தாள்.

அப்போது மேலேயிருந்து குரல் வந்தது. கயிறு இறங்கும் ஜன்னலிலிருந்து குரல் இறங்கி அவள் கேட்டதேயில்லை.

"தெயோ."

நெரெய்தா மெல்லுவதை நிறுத்தினாள்.

"தெயோ, கேக்குதா? நீ பேசாத. நான் சொல்றேன். வெடி வைக்கறத நிறுத்திட்டாங்க. ரோடு போட்டு முடிஞ்சாச்சு. பஸ்ஸெல்லாம் போகுது. இப்பல்லாம் சத்தமே இல்ல. நீ மேல வா."

மழை கொஞ்ச நேரம் பேசியது.

"நான் யார்கிட்டயும் சொல்லல. நீ சொல்லக்கூடாதுன்னியே, சொல்லல. இசாவ்ரா கழுத்தையே பாத்தா, நேர்த்திக்கடன்னு சொல்லிட்டேன். மாதா கோவிச்சுக்கமாட்டா. அந்த விரல்தடமெல்லாம் அப்பவே போயிடுச்சு. நீ தூக்கத்துல பண்ணினது. நீயா பண்ணின? அது அந்தப் பனியில இருந்தவன் யாரோ, அவன் பண்ணினது. காலையில எந்திரிச்சு என் கழுத்தைப் பாத்துட்டு நீ அழுத பாரு, அதுதான் எனக்கு வலிச்சுது, இது வலிக்கல." பிறகு கொஞ்சம் கோபமாக: "கட்டிலத் தூக்கிட்டுப் போயிட்டான். கூப்பிடாத புரொவி, கூப்பிட்டா வந்துடுவேன், வந்தா கொன்னுடுவேன்னுட்டு. எவ்வளவு நாளு கூப்பிடாம இருக்கறது? எனக்கு வயசாயிடுச்சுடா. என் கழுத்துல இப்ப நெரிக்கறதுக்கு என்ன இருக்கு? மேல வா."

நெரெய்தாவின் வாயில் சாதம் அப்படியே இருந்தது. மேலே கயிறு லேசாக ஆடியது; கிழவி பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். பதில் வராவிட்டால் எட்டிப் பார்ப்பாள். சாப்பிட்டாயிற்று என்பதற்கு அந்த மொழியில் சொல் இருந்தது. வந்து சேர்ந்தது என்பதற்கும் இருந்தது. மேலே வருகிறேன் என்பதற்கு இல்லை.

அவள் ஒருதரம் இழுத்தாள். வந்து சேர்ந்தது.

அடுத்த வியாழக்கிழமை பொனியாவின் அறையில் பேனாவை வாங்கித் தானே எழுதினாள். அப்பா இருபத்தாறு வருஷம் இரண்டு தாழ்ப்பாள் போட்டு மறைத்ததை நாலு வரியில் எழுதி முடித்தபோது, ஐந்தாவது வரிக்கு இடமிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள். பொனியா படித்தார். எழுந்து போய்க் குளிர்சாதனத்தை நிறுத்தினார். அதற்கு நிறுத்துகிற பொத்தான் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எங்கப்பாவும் பட்டாளத்துக்காரருதான். சமையலறைத் தரையிலதான் தூங்குவாரு" என்றார். "நாங்க சூடு தாங்காமன்னு நெனச்சோம்." முத்திரையை எடுத்துக் குத்தினார். "பழைய சாட்சி மாத்திக் குடுப்பாங்களா?"

இசாவ்ராவுக்குச் சொன்னபோது அவள் முதலில் கோபப்பட்டாள். "இருபத்தொம்பது மெழுகுவத்தி! எல்லாம் பொய்க்கா ஏத்தினேன்?" பிறகு தோன்யா புரொவியின் எதிரில் உட்கார்ந்து அந்தக் கழுத்தையே வெகுநேரம் பார்த்தாள். சுருக்கத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி புரொவி" என்றாள்.

"உனக்குச் சர்க்கரை வேணுமா?" என்றாள் புரொவி.

மறுநாள் இசாவ்ரா புதுப் பத்திரம் கொடுத்தாள். விரல்தடத்தைப் பார்க்கவில்லை, கழுத்தை மூடியதைப் பார்த்தேன், காரணம் கேட்டு ஏமாந்தேன் என்று எழுதச் சொன்னாள். கூமெ இரண்டாவது சாட்சி. வெடி வைத்த வருஷத்தில் தோன் தெயோ கடையில் உப்புமூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மார்ச் டிக்கெட்டை இசாவ்ரா தள்ளிப் போட்டாள். மூட்டுவலி என்று மகளிடம் காரணம் சொன்னாள்.

பணம் ஆகஸ்டில் வந்தது. இப்போது அம்மாவை வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை.

மஞ்சள் சுண்ணாம்பு அடித்த இல்லம் ஊருக்கு நடுவில், சமதரையில். ஒரே தளம். ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நெரெய்தா அம்மாவைக் கொண்டுவந்து விட்டாள். வரும் வழியில் புது ரோட்டில் வண்டி மலைவெட்டைத் தாண்டும்போது கிழவி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். "நல்லா வெட்டியிருக்காங்க" என்றாள்.

ஒரு பணிப்பெண் கட்டிலைக் காட்டினாள். அலமாரியைக் காட்டினாள். தூக்குவாளியை மட்டும் அலமாரிக்குள் வைக்க விடாமல் கிழவி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்; கயிறு அதைச் சுற்றி அழகாகச் சுருட்டியிருந்தது. சுவர் பக்கம் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். சிமெண்டுத் தரை. செருப்பால் இரண்டுதரம் தட்டிப் பார்த்தாள்.

"கீழ்வீடு எங்க?"

"இங்க கீழ்வீடு கிடையாதும்மா."

"கிடையாதா? அப்ப அவன் எங்க இருக்கான்? நாலு மணிக்குச் சாப்பிடணும் அவன்."

பணிப்பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நெரெய்தா அவளைப் பார்த்த பார்வையில் அவள் தலையணை உறையைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

"மேல வந்துட்டாரும்மா" என்றாள் நெரெய்தா.

கிழவி மகளை உற்றுப் பார்த்தாள். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. பிறகு வாளியைக் குனிந்து தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். கட்டிலில் ஏறி, சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்துக்கொண்டாள். ஒருவர் படுக்கவே ஒடுக்கமான கட்டில். அதில் பாதிக்கு மேல் காலியாக விட்டிருந்தாள்.